கவுன்சிலிடம் கேட்பது

இங்கிலாந்தில் ஒரு குடும்பத்துக்கு வாடகை கட்ட வழியில்லை, மின்சார மீட்டருக்குப் பணம் போட வழியில்லை, மத்திய அரசின் உதவித்தொகையும் போதவில்லை என்றாகும்போது கடைசியாகத் தட்டும் கதவு ஊர்க் கவுன்சிலுடையது. குப்பை அள்ளி, நூலகம் நடத்தி, தெருவிளக்கைப் பார்த்துக்கொள்ளும் அதே அலுவலகம்தான். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றும். நம் ஊரில் முதியோர் உதவித்தொகைக்கான மனு தாலுகா அலுவலகத்துக்குப் போகிறது. நகராட்சி வீட்டு வரி வாங்கும், தண்ணீர் விடும். கஷ்டப்படுகிற வீட்டுக்குப் பணம் கொடுப்பதும் அதன் வேலை என்று நாம் நினைப்பதில்லை.

வரியிலும் ஒரு வேறுபாடு உண்டு. நம் வீட்டு வரியைச் சொந்தக்காரர் கட்டுகிறார். இங்கிலாந்தின் கவுன்சில் டாக்ஸைக் குடியிருப்பவர் கட்டவேண்டும். வாடகை வீடானாலும் பெரும்பாலும் அவர் பெயருக்கே சீட்டு வரும். 1993-ல் நடைமுறைக்கு வந்த இந்த வரி, 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்று கணித்து, ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவாக வீடுகளைப் பிரித்தது. அந்த மதிப்பீடு இங்கிலாந்தில் இன்றுவரை புதுப்பிக்கப்படவில்லை. ஒரே ஊரில் மிக உயர்ந்த பிரிவு மாளிகைக்கு வரும் வரி, மிகத் தாழ்ந்த பிரிவுச் சிறு ஃபிளாட்டின் வரியைப் போல மூன்று மடங்குதான். உள்ளே இருப்பவரின் சம்பளம் என்ன என்று அந்தக் கணக்கு கேட்பதே இல்லை. அதனால் ஏழைக்குத் தரும் தள்ளுபடியை நான் தருமமாகப் பார்க்கவில்லை. அது இல்லாமல் இந்த வரியே நியாயமாகாது.

2013 ஏப்ரலுக்கு முன்பு இந்தத் தள்ளுபடி நாடு முழுக்க ஒரே விதியில் நடந்தது. கவுன்சில் டாக்ஸ் பெனிஃபிட் என்று பெயர். மிகக் குறைந்த வருமானம் உள்ளவருக்கு முழு வரியும் கழிந்துவிடும். அந்த ஏப்ரலில் அரசு அதை நிறுத்தி, நிதியில் ஏறத்தாழ பத்து சதவீதத்தைக் குறைத்து, ஒவ்வொரு கவுன்சிலும் தனக்கென ஒரு திட்டம் வகுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. ஓய்வூதிய வயதினருக்கு மட்டும் பழைய தேசிய விதி தொடர்ந்தது. வெட்டு முழுவதும் வேலை செய்யும் வயதினர் தலையில் விழுந்தது. பல கவுன்சில்கள், எவ்வளவு ஏழையானாலும் வரியில் ஒரு பங்கைக் கட்டியே தீரவேண்டும் என்று விதித்தன. டவர் ஹாம்லெட்ஸ் போன்ற சில, முழுத் தள்ளுபடியை விடாமல் காத்தன. ஒரே சம்பளம், ஒரே எண்ணிக்கையில் பிள்ளைகள் என்றாலும் தெருவின் இந்தப் பக்கம் ஒரு கணக்கு, எல்லை தாண்டினால் வேறு கணக்கு.

இந்தத் தள்ளுபடியில் நம்மவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. வேலை போனவர், மத்திய அரசின் உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கிறார். வாடகைக்கான பங்கும் பிள்ளைகளுக்கான பங்கும் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. வரித் தள்ளுபடியும் அதில் சேர்ந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது தனி. கவுன்சிலின் சொந்தப் படிவத்தில் தனியாகக் கேட்க வேண்டும். முந்தைய முறையில் வீட்டு வாடகை உதவியையும் வரித் தள்ளுபடியையும் பெரும்பாலும் ஒரே படிவத்தில் கவுன்சிலிடமே கேட்டுவிடலாம். புதிய முறை இரண்டையும் பிரித்தது. பிரிந்தது பலருக்குத் தெரியவில்லை. பிந்திக் கேட்டால் எவ்வளவு பின்தேதியிட்டுத் தருவார்கள் என்பதும் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். யூனிவர்சல் கிரெடிட் கேட்கிற அன்றே இதையும் கேட்டுவிடுங்கள் என்று கோயிலிலோ தமிழ்ப் பள்ளி வாசலிலோ ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொண்டாலே நிறையக் குடும்பங்கள் கடனுக்குத் தப்பும்.

ஏனென்றால் கவுன்சில் டாக்ஸ் நிலுவை மற்றக் கடன்களைவிட வேகமானது. ஒரு தவணை தவறினால் நினைவூட்டுக் கடிதம் வரும். ஏழு நாளில் கட்டாமல், அடுத்த ஏழு நாளும் கடந்தால் தவணையாகக் கட்டும் உரிமையே போய், ஆண்டின் மீதித் தொகை முழுவதும் ஒரே நேரத்தில் விழும். மாதம் நூறு பவுண்டு கட்ட முடியாதவரிடம் எண்ணூறு, தொள்ளாயிரம் பவுண்டை ஒன்றாகக் கேட்கும் விதி இது. பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் அழைப்பாணை, அதற்கான செலவு, கட்டியே தீரவேண்டும் என்ற பொறுப்பாணை. அதையும் தாண்டினால் பெய்லிஃப். நம் ஊர் அமீனா மாதிரி, பொருளை ஜப்தி செய்ய வருபவர். அவரிடம் கோப்பு போனதும் 75 பவுண்டு, வீட்டு வாசலுக்கு வந்ததும் 235 பவுண்டு என்று 2014-ன் விதிகள் கட்டணம் வகுத்தன. அந்தக் கட்டணமும் கடனாளி தலையில்தான். வேண்டுமென்றே கட்டவில்லை என்று நீதிமன்றம் கருதினால் இங்கிலாந்தில் மூன்று மாதம்வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. வேல்ஸ் 2019-ல் அந்தச் சிறையை ஒழித்துவிட்டது. இங்கிலாந்து ஏன் இன்னும் பிடித்துவைத்திருக்கிறது என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

உதவித்தொகை தரும் பிரிவும் நிலுவை வசூலிக்கும் பிரிவும் ஒரே கட்டடத்தில் இருக்கலாம். ஒன்றின் கடிதம் மற்றதற்குத் தெரியாமலும் போகலாம். எனவே கடிதம் வந்த வாரமே எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். 1992-ன் உள்ளாட்சி நிதிச் சட்டத்தில் 13ஏ(1)(சி) என்று ஒரு சிறு பிரிவு இருக்கிறது. எந்தத் திட்டத்திலும் அடங்காத ஒருவருக்குக்கூட, அவர் நிலைமையைப் பார்த்து, வரியை எவ்வளவும் குறைக்கவும், முழுவதுமே தள்ளவும் கவுன்சிலுக்கு அது அதிகாரம் தருகிறது. கவுன்சில்கள் இதைப் பெரிதாக விளம்பரப்படுத்துவதில்லை. வருமானம், செலவு, நோய், பிள்ளைகள் எல்லாவற்றையும் எழுதி, இந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு மனு கொடுத்தால் கவுன்சில் அதைப் பரிசீலித்தாக வேண்டும். மறுத்தால் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. கடன் பலவாக இருந்தால், 2021 மே முதல் இருக்கும் மூச்சுவிடும் அவகாசத் திட்டத்தில், தகுதியுள்ள கடன் ஆலோசகர் வழியாகச் சேரலாம். 60 நாள் பெய்லிஃப் வராமல் நிறுத்தும் வழி அது.

வாடகை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தனியார் வாடகைக்கு அரசு தரும் தொகைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அந்தப் பகுதி வாடகைகளில் மலிவான முப்பது சதவீதத்தை ஒட்டி அது வகுக்கப்பட்டது. ஆனால் வாடகை ஏறிக்கொண்டே போக, வரம்பைப் பல ஆண்டுகள் உறையவைத்தார்கள். 2024 ஏப்ரலில் உயர்த்தி மறுபடியும் உறையவைத்தார்கள். இடையில் விழும் துண்டை நிரப்ப, 2001 முதல் 2026 மார்ச் வரை கவுன்சில்கள் தம் தீர்மானப்படி தந்த வாடகைத் துணைத்தொகை ஒன்று இருந்தது. வீடு மாறும்போது முன்பணத்துக்கும் அதைக் கேட்க முடிந்தது. வாடகைக்காக ஏற்கெனவே அரசு உதவி பெற்றவருக்கு மட்டுமே அது. பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான் தந்தார்கள்.

அவசர உதவியின் கதைதான் இதில் நீளமானது. 1988 முதல் சமூக நிதி என்ற பெயரில், சமைக்க அடுப்பில்லாதவருக்கு மானியமும் கையில் காசே இல்லாதவருக்கு நெருக்கடிக் கடனும் மத்திய அரசே கொடுத்தது. அவற்றையும் அதே 2013 ஏப்ரலில் நிறுத்தி, பணத்தை இங்கிலாந்துக் கவுன்சில்களிடம் ஒப்படைத்தார்கள். இதற்கே செலவிட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் விதிக்கவில்லை. கவுன்சில்களின் மொத்த நிதியும் சுருங்கிய காலம் அது. சில கவுன்சில்கள் தம் அவசர உதவித் திட்டத்தை அடியோடு மூடிவிட்டன.

கொரோனா வந்தபோது அந்தப் பள்ளம் வெளியே தெரிந்தது. விடுமுறை நாட்களில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி உணவுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று 2020-ல் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் இயக்கம் நடத்தினார். அந்தக் குளிர்காலத்துக்காக 17 கோடி பவுண்டை அரசு கவுன்சில்கள் வழியாகக் கொடுத்தது. 2021 அக்டோபரில் அந்த வழியிலேயே குடும்ப ஆதரவு நிதி வந்தது, இங்கிலாந்துக்கு 42.1 கோடி பவுண்டு. பள்ளி விடுமுறை உணவுக்கான வவுச்சர், மின் மீட்டருக்கான டாப்-அப், ஃபிரிட்ஜ், படுக்கை என்று அது பல வடிவில் வீடுகளுக்குப் போனது. நல்ல காரியம்தான். ஆனால் பெரும்பாலும் ஆறு ஆறு மாதமாக நீட்டித்தார்கள். அடுத்த ஏப்ரலில் பணம் வருமா என்று தெரியாத கவுன்சில், அனுபவமுள்ள ஊழியரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. இணையதளத்தில் திட்டம் திறந்தது, ஒதுக்கிய தொகை தீர்ந்ததும் மூடியது. ஒரு நாள் கேட்டவருக்குக் கிடைத்தது, மறுநாள் கேட்டவருக்கு இல்லை.

ஏழையை ஊரே பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாட்டை இங்கிலாந்து இதற்கு முன்பே முன்னூறு ஆண்டுக்கு மேல் பரீட்சித்துப் பார்த்திருக்கிறது. 1601-ன் ஏழையர் சட்டம் பாரிஷ் என்ற ஒவ்வொரு ஊர்ப்பிரிவும் தன் ஏழைகளுக்காக வரி போடவேண்டும் என்றது. ஊருக்குள் செலவு வந்ததும், யார் நம் ஊர்க்காரர் என்ற கேள்வியும் வந்தது. ஆண்டுக்குப் பத்துப் பவுண்டுக்குக் குறைந்த வாடகையில் புதிதாகக் குடிவந்தவர் ஊருக்குப் பாரமாவார் என்று தோன்றினால், நாற்பது நாளுக்குள் புகார் கொடுத்து அவரைப் பழைய ஊருக்கே திருப்பியனுப்ப 1662-ன் சட்டம் வழிசெய்தது.

இந்த ஏற்பாட்டின் உட்கோளாறை ஊரறியக் காட்டியது கிழக்கு லண்டனின் பாப்லர். துறைமுகக் கூலிகள் வாழ்ந்த பகுதி. வேலையில்லாதோர் பெருகியபோது நிவாரணச் செலவு ஏறியது. ஆனால் வரி கட்டக்கூடிய வசதியான வீடுகள் அங்கே இல்லை. மேற்கு லண்டனில் வசதியும் அதிகம், ஏழைகளும் குறைவு, வரியும் குறைவு. 1921-ல் ஜார்ஜ் லான்ஸ்பரியின் தலைமையில் பாப்லர் கவுன்சிலர்கள், லண்டன் பெருநகர அமைப்புகளுக்குச் சேரவேண்டிய பங்கை வசூலிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். ஆணும் பெண்ணுமாக முப்பது பேர் சிறைக்குப் போனார்கள். கவுன்சில் கூட்டம் பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே நடந்தது. ஏறத்தாழ ஆறு வாரத்தில் விடுதலை. அந்த ஆண்டே நிவாரணச் செலவின் பெரும்பகுதியை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளச் சட்டம் வந்தது. சிறைக்குப் போன கவுன்சிலர் மின்னி லான்ஸ்பரி 1922-ன் முதல் நாள் நிமோனியாவில் இறந்தார். வயது 32.

1948-ல் தேசிய உதவிச் சட்டம் பழைய ஏழையர் சட்டத்தை முழுவதுமாக நீக்கி, அந்தச் சுமையை நாட்டின் பொறுப்பாக்கியது. 2013-ல் எடுத்த முடிவு, அதில் ஒரு பகுதியை மறுபடி ஊர்த் தலையில் வைத்தது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரியும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேவை அதிகமுள்ள ஊர்தான் கஜானா வற்றிய ஊராகவும் இருக்கிறது. குரொய்டன் 2020-லும் பர்மிங்ஹாம் 2023-லும் கணக்கைச் சமன்செய்ய முடியவில்லை என்று சட்டப்படி அறிவித்தன. அந்த ஊர்களில் ஏழைகள் குறைவா என்ன?

ஹாரோ, பிரென்ட், ரெட்பிரிட்ஜ், நியூஹாம், மெர்ட்டன் போன்ற லண்டன் பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பொது நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை விசாவில் இருந்தால், கவுன்சில் டாக்ஸ் தள்ளுபடி அந்தத் தடைக்குள் வரும். தெரியாமல் வாங்கினாலும் பின்னால் விசாவுக்குச் சிக்கல். அதே சமயம் தனியாக வாழ்பவருக்கான 25 சதவீதக் கழிவு பொது நிதியாகாது. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை. பிள்ளைகள் உள்ள குடும்பம் பட்டினிக்கும் தெருவுக்கும் வந்துவிட்டால், 1989-ன் குழந்தைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்கீழ் கவுன்சிலின் உதவியைக் கேட்கலாம். அதுவும் பொது நிதிக் கணக்கில் சேராது. பயந்து எதையும் கேட்காமல் இருப்பதும், விசாரிக்காமல் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிப்பதும் இரண்டுமே ஆபத்து. முதலில் இலவச ஆலோசனை மையத்தில் விசா ஆவணத்தைக் காட்டுங்கள்.

2026 ஏப்ரல் முதல், குடும்ப ஆதரவு நிதியையும் வாடகைத் துணைத்தொகையையும் இணைத்து, நெருக்கடி மற்றும் மீள்திறன் நிதி என்ற ஏற்பாட்டை 2025 ஜூனில் அரசு அறிவித்தது. இங்கிலாந்துக்கு ஆண்டுக்கு 84.2 கோடி பவுண்டு, பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே உறுதி. ஆறு மாத நிச்சயமின்மை நீங்குவது பெரிய முன்னேற்றம். ஆனால் ஸ்காட்லாந்தில் இருப்பது இங்கிலாந்தில் இன்னும் இல்லை. அங்கேயும் அவசர உதவியைக் கவுன்சில்கள்தான் தருகின்றன. ஆனால் நாடு முழுக்க ஒரே வழிகாட்டு விதி, மறுக்கப்பட்டவர் கவுன்சிலுக்கு வெளியே உள்ள குறைகேள் அதிகாரியிடம் போனால் அவர் அந்த முடிவையே மாற்றலாம். இங்கிலாந்தில் அவசர உதவி மறுக்கப்பட்டவர் அதே கவுன்சிலிடம் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்கு மேல் உள்ள குறைகேள் அதிகாரி, நடைமுறையில் தவறு நடந்ததா என்று மட்டுமே பார்ப்பார். புதிய நிதியோடு ஸ்காட்லாந்தின் அந்த மேல்முறையீட்டு வழியையும் இங்கிலாந்து சட்டமாக்க வேண்டும். தம் கவுன்சிலரிடம், தம் எம்.பி.யிடம் தமிழர்களும் இதைக் கேட்க வேண்டும்.