அறியாமற் செய்த கொலை

அறிந்து ஓர் உயிரைக் கொன்றவன் முதற் சீலத்தினின்று வழுவினான் என்பதில் நம்முள் எவர்க்கும் ஐயமில்லை. அறியாமற் கொன்றவன் நிலை யாது? அவன் கையில் குற்றம் உண்டா, இல்லையா? இவ்வினா ஏட்டில் எழுந்ததன்று. கங்காதர நெல்லூரில் நம் படிப்பகத்தின் மூலையிலுள்ள ஒரு கண்ணாடித் தொட்டியினுள் எழுந்தது. நடந்ததை உள்ளவாறே கூறி, பின்னர் அதன் பொருளை ஆராய்வோம்.

நம் ஊர்ச் சிறுவரிற் பலர் கடலைக் கண்டதில்லை. கடற்கரை இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. சென்ற ஆண்டு வைகாசிப் பௌர்ணமிக்கு அவர்களுக்கு ஒரு விருந்தளிக்க எண்ணிய நாம், கடல் மீன்களைப் படிப்பகத்திலேயே காட்டுவது என்று முடிவு செய்தோம். கடலைக் கண்ணாடிக்குள் காட்டும் ஆசை புதிதன்று. லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் 1853-ஆம் ஆண்டிலும், சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலும் மக்கள் காண மீன் காட்சியகங்கள் திறக்கப்பட்டன. சென்னையில் கடல் எதிரிலேயே இருந்தது. நமக்கோ கடலை உப்பிலிருந்து ஆக்க வேண்டியிருந்தது. அறுபது லிட்டர்த் தொட்டி ஒன்றை வாங்கி, கடல்நீர் ஆக்குவதற்கென விற்கும் உப்பில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட எடுத்துக் கரைத்தோம். நீர் பளிங்கு போல் தெளிந்திருந்தது. மறுநாளே மூன்று சிறு மீன்களை விட்டோம். விற்றவர் கூறிய அறிவுரை இது: "முதலில் மலிவான மீனை விடுங்கள். தண்ணீர் பழகட்டும். போனாலும் நட்டமில்லை."

மூன்றாம் நாள் ஒன்று இறந்தது. மற்ற இரண்டும் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரை கேட்கின்றன போலும் என்றெண்ணி, இன்னும் சிறிது உணவிட்டோம். ஆறாம் நாள் காலையில் தொட்டியில் உயிர் இல்லை. அன்று காலையில்தான் நாம் அனைவரும் கூடிப் பஞ்சசீலம் ஏற்றிருந்தோம். இறந்த மீனை வலையில் எடுத்தபொழுது அருகில் நின்ற எட்டு வயதுப் பெண் குழந்தை, "அதுக்கு வலிச்சிருக்குமா, தாத்தா?" என்று கேட்டாள். நம்மிடம் விடை இல்லை. இன்று கூறுவோம்: வலித்திருக்கும் என்றே கொள்ளல் வேண்டும். 2003-ஆம் ஆண்டில் பிரிட்டனில் லின் ஸ்னெடன் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர் தோழரும் டிரௌட் மீனின் முகத்தில் ஊறு உணரும் நரம்புகள் உண்டெனக் காட்டினர். மீன் உணர்வது நாம் உணரும் வலிதானா என்று வாதிப்பார் இன்றும் உளர். எனினும் ஐயம் உள்ள இடத்தில் இரக்கத்தின் பக்கம் சாய்வதே அறம்.

நிற்க. அம்மீன்கள் ஏன் இறந்தன? நீர் அழுக்காயிருந்ததனாலன்று, அளவுக்கு மீறித் தூய்மையாயிருந்ததனால் என்று கூறின் வியப்பாகும். மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவைக் கழிக்கின்றது. எஞ்சிய இரை அழுகினும் அம்மோனியாவே தோன்றும். அது நிறமற்றது, கண்ணுக்குப் புலனாகாது, செவுளைப் புண்ணாக்கும். கடல்நீர் காரத்தன்மையுடையதாகலின் அங்கு அதன் கொடுமை இன்னும் மிகும். கடலிலோ, பழகிய தொட்டியிலோ, நுண்ணுயிர்கள் இந்நஞ்சை உண்கின்றன. ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டு ஆக்குகின்றது. மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை, தீங்கு மிகவும் குறைந்த நைட்ரேட்டு ஆக்குகின்றது. ருஷிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டளவில் இவ்வுயிர்களைப் பிரித்தெடுத்து உலகிற்குக் காட்டினார். அவை மணலிலும் கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேறிப் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாமோ ஒரு நாள் கூடப் பொறுத்திலோம். மேலே வந்து வாய் திறந்த மீன் மூச்சு கேட்டது; நாம் சோறு கொடுத்தோம். அச்சோறே நஞ்சாயிற்று.

இதனினும் தெளிவாகச் சார்பிற் தோற்றத்தை விளக்கும் பாடம் உண்டோ? எதுவும் தனித்து நிலைப்பதில்லை என்று தம்மம் கூறுவதை நாம் பலமுறை ஓதியுள்ளோம். ஓதியவர்களே மீன், நீர், கண்ணாடி என்னும் மூன்றையும் கண்டு, இவை போதும் என்று கருதினோம். காணப்படாத கோடி உயிர்களின் உழைப்பின்மேல்தான் ஒரு மீனின் மூச்சு நிற்கின்றது என்பதை மறந்தோம்.

இனி, நம் வினாவுக்கு வருவோம். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த ஆசாரிய புத்தகோசரின் பெயரால் வழங்கும் உரைகள், கொலைக் குற்றத்திற்கு ஐந்து உறுப்புக்களைக் கூறும். உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அம்முயற்சியால் அவ்வுயிர் போதல். நம்மிடம் கொல்லும் எண்ணம் இருந்ததில்லை. ஆகவே சீலம் முறியவில்லை என்று நம் அன்பர் ஒருவர் கூறினார். அவர் கூறியது நூல்வழி சரியே. அதனைக் கேட்டு நம்முள் சிலர்க்கு மனம் இலேசாயிற்று.

ஆயின் மிலிந்த பஞ்ஹம் என்னும் நூலில் இதற்கு முரண்போல் தோன்றும் இடம் ஒன்று உண்டு. அறிந்து தீமை செய்பவன், அறியாது செய்பவன் ஆகிய இருவருள் எவனுக்குத் தீங்கு மிகுதி என்று மிலிந்த அரசன் வினவ, அறியாது செய்பவனுக்கே என்று நாகசேனர் விடையளிக்கிறார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டை அதன் வெம்மை அறிந்து தொடுபவனினும், அறியாது தொடுபவனே மிகுதியாக வெந்துபோவான் என்பது அவர் காட்டும் உவமை.

இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்? நாம் கருதுவது இது. ஐந்து உறுப்புக்கள், ஒருவன் கொலைஞனா அல்லனா என்பதை அளக்கும் கோல். நாகசேனர் கூற்றோ, தீங்கு எங்குத் தடையின்றி வளரும் என்பதைக் காட்டும் விளக்கு. அறிந்தவன் கை அஞ்சும், விரைவில் விலகும். அறியாதவன் கை இறுகப் பற்றும். ஒருமுறை அன்று, பலமுறை பற்றும். நாம் நல்லெண்ணத்தோடு மேலும் உணவிட்டதுபோல், நன்மையென்றே எண்ணித் தீமையைப் பெருக்கும். ஆகவே "எண்ணம் இல்லை" என்பது விடுதலைச் சீட்டன்று. ஓர் உயிரை நம் கைக்குள் கொணர்ந்த அக்கணமே, அதன் வாழ்வுக்கு வேண்டுவனவற்றை அறியும் கடமை நம்மேல் வந்துவிடுகின்றது. முதல் மீன் இறக்கும்வரை இருந்தது அறியாமை. அதற்குப் பின்னும் எவரையும் கேளாது காத்திருந்தது மடி. பகவன் இறுதியாக அறிவுறுத்தியது சோராமை அன்றோ?

விற்றவர் கூறிய சொல்லையும் எண்ணிப் பார்ப்போம். "மலிவான மீன், போனாலும் நட்டமில்லை." விலை உயர்ந்த மீன் நலமாய் வாழ, விலை குறைந்த மீன் நஞ்சில் முன்செல்ல வேண்டுமாம். தொட்டி தொடங்குவோரிடையே இவ்வழக்கம் நெடுங்காலம் இருந்துள்ளது. நாம் இச்சொல்லைக் கேட்டும் உள்ளம் துணுக்குறாமல் பணத்தைக் கொடுத்தோமே, அதுவே நம்மை இன்றும் வருத்துகின்றது. ஏனெனில் சிலர் உயிர் மலிவு என்னும் கணக்கின் கொடுமையைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நாம் இல்லை. நம் முன்னோர் அந்தக் கணக்கிலேயே எழுதப்பட்டிருந்தனர். அவர்கள் துன்பத்தைக் கண்டவரும் "வழக்கம்", "அறியோம்" என்றே கூறினர். அச்சொல்லை அன்று ஏற்காத நாம் இன்று அதன் பின்னே ஒளிந்துகொள்ளலாமா?

இதன் பின்னர்த் தொட்டியை மூலையிற் கவிழ்த்துவிடலாம் என்றனர் சிலர். நாம் வேறு வழி கொண்டோம். மீனின்றி நீரை மட்டும் நிரப்பி, ஓடிக்கொண்டிருந்த ஒரு கடல்நீர்த் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை வாங்கி உள்ளே இட்டோம். நுண்ணுயிர்களுக்கு உணவாக, தூய நவச்சாரத்தை நீரில் கரைத்துச் சிறிது சிறிதாக விட்டோம். எந்த மீனும் துன்புறாமல் நீரைப் பழக்க இவ்வழி போதும். நாள்தோறும் சிறுவர் சோதனை மருந்தைத் துளித்துளியாய் விட்டு, தோன்றும் நிறத்தைக் கண்டு கரும்பலகையில் எழுதினர். அம்மோனியா ஏறி இறங்கியது. பின் நைட்ரைட்டு ஏறி இறங்கியது. ஆறு வாரம் வரையில் வந்தவரெல்லாம் "மீன் எங்கே?" என்று நகைத்தனர். வெறுந்தொட்டியின் முன் பொறுத்திருத்தலும் ஒரு தியானமே.

அக்காலத்தில் வேறு சிலவும் கற்றோம். தொட்டி சிறிதாயின் வளர்த்தல் எளிது என்பது தவறு. நீர் குறையக் குறைய, வெப்பமும் உப்பும் நஞ்சும் விரைவில் மாறும். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கும். அறுபது லிட்டரில் இரண்டு லிட்டர் வற்றினும், லிட்டருக்கு 35 கிராமாயிருந்த உப்பு 36-ஐத் தாண்டும். அதனை ஈடுசெய்ய ஊற்ற வேண்டியது நன்னீரே, உப்பு நீரன்று. சமையல் உப்பைக் கரைத்தாற் கடல்நீர் ஆகாது. கடலில் மக்னீசியமும் கால்சியமும் பிறவும் உள. சித்தூர்ப் பக்கத்துக் கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும். மீனுக்கோ 26 பாகையை ஒட்டிய நீர் வேண்டும். வெம்மை மிகுந்தால் நீரிலுள்ள மூச்சுக்காற்றும் குறையும். ஆகலின் நீர்ப்பரப்பின்மேல் விசிறியும், மின்சாரம் நின்றால் இயங்கப் பேட்டரியிலோடும் காற்று இயந்திரமும் வைத்தோம்.

இவ்வளவும் செய்தபின் எஞ்சி நிற்பது, உயிரை அடைத்து வைக்கலாமா என்னும் பெரிய வினா. பகவன் உபாசகர்க்கு விலக்கிய ஐந்து வாணிகங்களுள் உயிர் வாணிகமும் ஒன்று. விற்பது தகாதெனின், வாங்கி அவ்வாணிகத்தை வளர்ப்பது மட்டும் தகுமோ? அன்றியும் கடல் அலங்கார மீன்களிற் பெரும்பாலன கடலிலிருந்தே பிடிக்கப்படுவன. பிலிப்பைன்ஸ் கடல்களில் சயனைடு நஞ்சு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பவளப் பாறைகளையும் அழித்தது. நம் நாட்டில் பவளமும் கடற்குதிரையும் 2001-ஆம் ஆண்டு முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. அவற்றை எடுத்தல் குற்றம். கோமாளி மீன் போன்ற சிலவற்றையோ மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்துள்ளனர். கடலிலிருந்து பறிப்பதினும் இது மேல். ஆயினும் அடைப்பு அடைப்பே.

நாம் கடைசியில் எந்த மீனையும் வாங்கவில்லை. சித்தூரில் ஒரு வீட்டார் ஊர் மாறிச் செல்ல, வளர்க்க ஆளின்றிக் கைவிட இருந்த இரு கோமாளி மீன்களை ஏற்றுக்கொண்டோம். தொட்டியிற் பிறந்த அவற்றைக் கடலில் விடுவதும் அருளன்று. அவை பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியவை. ஆகவே நமக்குப் பின் பார்ப்பவர் யார் என்பதையும் முன்னரே முடிவு செய்து எழுதி வைத்துள்ளோம்.

தொட்டி வைக்க விரும்பும் அன்பர்க்கு நாம் கூறுவது இவ்வளவே. கைவிடப்பட்ட உயிர்க்கு இடமளிக்கத் தொட்டி வையுங்கள். கண்ணுக்கு விருந்தாக மட்டும் வையாதீர்கள். மீனுக்கு முன் அறிவைத் தேடுங்கள். விரைவுக்கு முன் பொறுமையைப் பழகுங்கள். இயலாதாயின் வெறுந்தொட்டியில் இழிவில்லை. அன்று வினவிய குழந்தைதான் இன்று நாள்தோறும் உப்பளவு பார்க்கின்றாள். வலித்திருக்கும் என்று அவளிடம் ஒப்புக்கொண்டோம். "அப்படின்னா இதுங்களுக்கு வலிக்காம பாத்துக்கணும்" என்றாள். முதற் சீலத்திற்கு இதனினும் நல்ல உரையை நாம் கேட்டதில்லை.