ஆம்பளை என்கிற சாமி

2021 மே மாதம், இரண்டாம் அலை ஆளை விழுங்கிக்கொண்டிருந்தபோது, கோவையில் ஓர் ஆதீனம் ‘கொரோனா தேவி’க்குச் சிலை வைத்துப் பூசை நடத்தியது. பகுத்தறிவு பேசும் நாமெல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தோம். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அதே நாட்களில் நம் வீட்டுக் கூடத்தில் சிலையும் மந்திரமும் இல்லாமல் இன்னொரு சாமிக்குப் பூசை நடந்ததே, அதைப் பார்த்து யாராவது சிரித்தோமா? ஆம்பளை என்பது அந்தச் சாமியின் பெயர். உயிர்ப்பலி கேட்கிற சாமி அது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2020இல் நாட்டில் நடந்த தற்கொலைகள் 1,53,052. இறந்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் ஆண்கள். தினக்கூலிகள் மட்டும் 37,666 பேர். அடுத்த ஆண்டு மொத்தம் 1,64,033 ஆனது. கொரோனாவுக்கு முன்பும் ஆண்களின் விகிதம் ஏறக்குறைய இதுதான். ஆகவே பழியை முழுக்கக் கிருமியின் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது.

எங்கள் தெருவில் ஓர் ஆட்டோக்காரர். ஊரடங்கில் சவாரி நின்றதும் வண்டியில் தக்காளி, வெங்காயம் ஏற்றி விற்கக் கிளம்பினார். எங்கள் பக்கம் வரமாட்டார். தெரிந்த முகமே இல்லாத ஏரியாவுக்குப் போவார். முகக்கவசம் அவருக்கு நோய்க்காக அல்ல, அடையாளம் தெரியாமலிருக்க. வட்டிக்காரர் போன் செய்வதைக்கூட மனைவியிடம் சொல்லவில்லை. தூக்கம் போனது, நெஞ்சு படபடத்தது. “டாக்டரைப் பாருங்கண்ணே” என்றேன். “எனக்கென்ன தம்பி, பைத்தியமா?” என்றார். சர்க்கரைக்குத் தினமும் மாத்திரை போடுகிற மனிதர்தான். கணையம் மக்கர் செய்தால் நோய், மூளை மக்கர் செய்தால் மட்டும் மானக்கேடா? மூளையும் உடம்பில்தானே இருக்கிறது?

அரசாங்கத்துக்கு இந்த ஆம்பளையை நன்றாகத் தெரியும். 2020 மே 7 அன்று, சென்னை நீங்கலாக, டாஸ்மாக்கைத் திறந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் காலை 10 முதல் 1 வரை, நாற்பதைத் தாண்டியவர்கள் 1 முதல் 3 வரை, இளவட்டம் 3 முதல் 5 வரை என்று வயதுவாரியாக அட்டவணை. திருப்பூரில் குடையோடு வந்தால்தான் சரக்கு. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க, 16ஆம் தேதி மறுபடி திறப்பு. மனம் நொந்த ஆணுக்கு இவ்வளவு அக்கறையாகத் திட்டம் போட்டுத் தரப்பட்ட ஒரே மருந்து குவார்ட்டர்தான். குடித்துவிட்டு அழுதால் ஊர் மன்னிக்கும்: “போதையில அழுறான், விடு.” குடிக்காமல் அழுதால்தான் “பொம்பளை மாதிரி அழுறான்.”

‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பெரியார், பெண்கள் விடுதலை பெற ஆண்மை அழிய வேண்டும் என்று எழுதினார். ஆண்கள் பலர் அதைத் தங்களுக்கு வந்த வசையாகவே எடுத்துக்கொண்டார்கள். தங்கள் கழுத்துச் சுருக்கையும் சேர்த்துத்தான் அவர் அவிழ்க்கச் சொன்னார் என்று யோசிக்கவில்லை.

அதற்காக, “பாவம், மன உளைச்சல், அதனால் கை நீட்டிவிட்டான்” என்கிற சப்பைக்கட்டை இங்கே கொண்டுவராதீர்கள். ஊரடங்கில் தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் கூடின. முதலாளியிடமும் கடன்காரனிடமும் கைகட்டி நின்றவன் மனைவியிடம் மட்டும் கை ஓங்கினான் என்றால், அது உளைச்சல் செய்த வேலையல்ல. அந்தச் சாமி மேலே வந்து ஆடிய ஆட்டம்.

அழுதால் கடன் அடையாது, போன கூலியும் திரும்பாது. அதற்கு அரசைத்தான் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும். அண்ணன்மார்களே, தூக்கம் வராத இரவில் உதவி எண்களான 104க்கோ 14416க்கோ போன் போட்டு மனதைக் கொட்டுங்கள். காசு கேட்க மாட்டார்கள். “நீயெல்லாம் ஆம்பளையா?” என்றும் கேட்க மாட்டார்கள்.