நடுவில் பிறந்தவன்

கணினி விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு இரண்டு விசைகள் கைப்பழக்கம். ஸ்கைரிம் ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எஃப்5 அழுத்தினால் சேவ், எஃப்9 அழுத்தினால் சேவ் செய்த இடத்துக்கே திரும்பலாம். கூட வரும் லிடியா குகைக்குள் செத்துப்போனாளா, எஃப்9. கடையில் திருடி மாட்டிக்கொண்டோமா, எஃப்9. யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைக்கிறோம்.

1996இல் வந்த 'ஸ்டார் டிரெக்: வோயேஜர்' தொடரின் 'டூவிக்ஸ்' பாகம் இந்த நினைப்பில்தான் கை வைக்கிறது. டூவொக், நீலிக்ஸ் என்ற இருவர் ஒரு கிரகத்தில் செடி சேகரித்துவிட்டு டிரான்ஸ்போர்டர் வழியாகக் கப்பலுக்குத் திரும்புகிறார்கள். ஏதோ கோளாறு; இருவரும் கலந்து ஒரே ஆளாக வந்து நிற்கிறார்கள். அவன் டூவிக்ஸ் என்று பெயர் வைத்துக்கொள்கிறான். டூவொக்கின் மூளை, நீலிக்ஸின் கலகலப்பு. வேலையும் தெரிகிறது, சமையலும் வருகிறது. கப்பலில் எல்லாருக்கும் வேண்டியவனாகிவிடுகிறான். அப்புறம்தான் பிரிக்கும் வழி கிடைக்கிறது. பிரித்தால் பழைய இருவரும் வந்துவிடுவார்கள், டூவிக்ஸ் இருக்கமாட்டான்.

அவனுக்குச் சாக விருப்பமில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கெஞ்சுகிறான். ஒருத்தரும் உதவிக்கு வரவில்லை. கப்பலின் மருத்துவர் மனிதரல்ல, ஹோலோகிராம். வெறும் கணினி நிரல். சம்மதமில்லாத ஒருவரின் உயிரை எடுக்கமாட்டேன் என்று அந்த நிரல் ஒதுங்கிக்கொள்கிறது. கேப்டன் ஜேன்வே தன் கையாலேயே அதைச் செய்கிறார்.

நண்பர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே வரும் பதில்: "ரெண்டு பேரு பெருசா, ஒருத்தன் பெருசா? கணக்குப் போட்டுப் பாரு மச்சான்." கணக்கு எனக்கும் தெரியும், சம்பளமே அதற்குத்தான். ஆனால் கணக்கு மட்டும் போதுமென்றால், நல்லா இருக்கிற ஒருவனைக் கொன்று அவன் சிறுநீரகங்களை எடுத்து இரண்டு நோயாளிகளைப் பிழைக்க வைக்கலாமே. அதற்கு அதே நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை. அங்கே அதன் பெயர் கொலை. இங்கே மட்டும் 'பழையபடி ஆக்குவது'. இந்தச் சொல் வாயில் வந்ததுமே நடுவில் பிறந்தவன் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறான்.

எங்கள் தொழிலுக்கு இந்தச் சொல் ரொம்பவே பிடிக்கும். நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் மென்பொருள் அப்டேட் சொதப்பிவிட்டது. விடியற்காலையில் எல்லாவற்றையும் முந்தைய மாலையின் பேக்கப்புக்குத் திருப்பினார்கள். 'இழப்பு ஏதுமில்லை' என்று அறிக்கை போனது. இரவு ஷிஃப்டில் இருந்த நேப்பாளத் தொழிலாளர்கள் மணிக்கணக்காகப் பதிந்த அளவீடுகள் மட்டும் போயிருந்தன. வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் மறுபடி உட்கார்ந்து, தாளைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார்கள். சின்ன விஷயம்தான், யாரும் சாகவில்லை. ஆனால் திருப்பச் சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த ஷிஃப்டில் இல்லை.

டோபி ஃபாக்ஸின் 'அண்டர்டேல்' (2015) எஃப்9 பழக்கத்தையே சீண்டும் விளையாட்டு. ஆரம்பத்தில் நம்மைப் பார்த்துக்கொள்ளும் டோரியலைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் சேவ் செய்த இடத்துக்குப் போய் அவளை உயிரோடு விட்டால், ஃபிளவி என்ற பூ நாம் முன்பு செய்ததைச் சொல்லிக் காட்டும். முதல்முறை கேட்கும்போது முதுகு சில்லிட்டது. ஆனால் அங்கே டோரியல் திரும்பி வந்துவிடுகிறாள். டூவிக்ஸுக்கு அது கிடையாது. அவன் பிறந்ததே சேவ் பண்ணிய பிறகு.

ஜேன்வேயைத் திட்டுவது சுலபம். டூவொக்கும் நீலிக்ஸும் வந்து வாதாட முடியாது. அவர்களுக்காகப் பேச கேப்டனை விட்டால் ஆளில்லை. நீலிக்ஸின் காதலி கெஸ், அவனைத் திரும்பக் கேட்டுக் கலங்குகிறாள். அந்தக் கலக்கத்தில் பொய்யில்லை. போனது என் நண்பனாக இருந்தால் அந்தப் பொத்தானிலிருந்து நான் எவ்வளவு தூரம் தள்ளி நிற்பேன்? சொல்லத் தெரியவில்லை. இருந்தாலும் அது கொலைதான் என்கிறேன். ஜேன்வே மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டென்றால், வேறொருவர் கையில் தள்ளிவிடாமல் அவன் எதிரிலேயே நின்று செய்தார் என்பதற்காக.

ரசிகர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2023இல் 'லோயர் டெக்ஸ்' கார்ட்டூன் இதையே வைத்து ஒரு பாகம் முழுக்கச் சிரிக்க வைத்தது. நானும் சிரித்தேன். பழைய பாகத்தில் சிரிக்க எதுவுமில்லை. டூவொக்கும் நீலிக்ஸும் எழுந்து நிற்கிறார்கள். கேப்டன் அவர்களை வரவேற்கிறார், பிறகு தனியாக வெளியே வந்து நடைபாதையில் நடக்கிறார். முகத்தில் மட்டும் ஏதோ ஓடுகிறது. பாகம் அங்கே முடிந்துவிடுகிறது.