ராட்டினத்தில் ஏறுபவரும் சங்கத்தின் கடமையும்

கேளிக்கைப் பூங்காவில் விற்கப்படுவது ஆபத்தில்லாத அச்சம். ரோலர் கோஸ்டரில் ஏறி உட்கார்ந்தவரின் மடிமேல் பாதுகாப்புக் கம்பி இறங்குகிறது. பணியாளர் அதை ஒருமுறை அழுத்துகிறார், ஒருமுறை மேலே இழுத்துப் பார்க்கிறார், அடுத்த வரிசைக்கு நகர்கிறார். வண்டி புறப்பட்ட பிறகு, உள்ளே இருப்பவர் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கம்பியின் பூட்டு, தண்டவாளத்தின் வெல்டிங், பிரேக்கின் தேய்மானம், காலையில் சோதித்த மெக்கானிக்கின் கவனம் எல்லாம் அவர் பார்வைக்கு எட்டாதவை. தத்துவ அறிஞர் ஆனெட் பையர் 1986-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் நம்பிக்கையை இப்படித்தான் விளக்கினார்: தீங்கு செய்ய முடிந்த நிலையில் இருக்கும் ஒருவரிடம், அவர் தீங்கு செய்யமாட்டார் என்று நம்மை ஒப்படைப்பது.

அப்படி ஒப்படைக்கப்பட்ட உயிருக்கு முதல் பொறுப்பு பூங்கா நடத்துபவருடையது. மேலே நின்று கண்காணிக்கும் பொறுப்பு அரசுடையது. இந்த இருவருக்கும் நடுவே மூன்றாவதாக உரிமையாளர் சங்கம் நிற்கிறது. அது அரசும் அல்ல, தனி முதலாளியும் அல்ல. ஒரே தொழிலில் போட்டியிடுபவர்கள் தங்கள் நலனுக்காகக் கூடிய அமைப்பு. தம் நலனுக்காகக் கூடியவர்கள் பிறர் உயிருக்குக் காவலர்களாக இருக்க முடியுமா என்பது அறவியல் சார்ந்த கேள்வி.

இந்தச் சங்கங்களின் அன்றாட வேலை எளிதில் சொல்லக்கூடியது. அமெரிக்காவில் 1918-இல் தொடங்கிப் பல பெயர் மாற்றங்களுக்குப் பின் இன்று உலகம் முழுவதும் உறுப்பினர்களைக் கொண்டுள்ள ஐஏஏபிஏ, ஆண்டுதோறும் ஆர்லாண்டோவில் பெரிய கண்காட்சி நடத்துகிறது. பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறது. சட்டமன்றங்களில் தொழிலுக்காக வாதாடுகிறது. பிரிட்டனில் 1936-இல் தோன்றிய பால்ப்பாவும், இந்தியாவில் 1999-இல் மும்பையை மையமாகக் கொண்டு உருவான ஐஏஏபிஐயும் ஏறத்தாழ இதையே செய்கின்றன. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது கேளிக்கைப் பூங்காக்களுக்கு 28 சதவீத வரி விதிக்கப்பட்டது. இந்தியச் சங்கம் விடாமல் முறையிட்டது. 2018 ஜனவரியில் அது 18 சதவீதமாகக் குறைந்தது. இதில் குறை காண ஒன்றுமில்லை. வரி விஷயத்தில் சங்கம் தன் உறுப்பினருக்காகப் பேசுகிறது, அவ்வளவுதான். பாதுகாப்பு விஷயத்தில் அதே குரலில் பேசலாமா என்பதில்தான் சிக்கல்.

சிந்தனை வரலாற்றில் இதற்கு எதிரெதிரான இரண்டு பதில்கள் உண்டு. ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட தம் பொருளியல் நூலில் தொழில் சங்கங்களை ஐயத்தோடு பார்த்தார். ஒரே தொழில் செய்வோர் கூடும் இடத்தில் பொதுமக்களுக்குக் கேடான ஏற்பாடுகள் பிறக்கும் என்பது அவர் எச்சரிக்கை. எமில் துர்க்கைம் மறுபக்கத்திலிருந்து பார்த்தார். உழைப்புப் பிரிவினை பற்றிய தம் நூலின் 1902-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், நவீனத் தொழில்களுக்கு அறம் வேண்டுமானால் அதை ஊட்டக்கூடியவை தொழிற்குழுக்களே என்றார். அரசு தொலைவில் இருப்பது. ஒவ்வொரு தொழிலின் நுணுக்கமும் அதற்குத் தெரியாது. தனி மனிதரின் மனசாட்சியோ போட்டியின் அழுத்தத்தில் தளர்ந்துவிடும். உடன் தொழில் செய்பவர்களின் பார்வைதான் ஒருவரைக் கட்டுப்படுத்தும் என்பது துர்க்கைமின் வாதம்.

கேளிக்கைத் தொழிலின் வரலாறு இருவரையும் மாறி மாறி மெய்ப்பிக்கிறது. பிரிட்டனில் ஊர் ஊராகச் சென்று திருவிழாக்களில் ராட்டினம் போடுபவர்கள் 1889-இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். வண்டிவாழ் மக்களின் பாதுகாப்புச் சங்கம் என்ற பொருளில் தொடங்கிய அது, பிறகு ஷோமென்ஸ் கில்டு என்று பெயர் பெற்றது. ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தக்காரர் அப்போது ஒரு மசோதாவுக்காகப் போராடிக்கொண்டிருந்தார். வண்டிகளில் வாழ்வோரைப் பதிவு செய்யவேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும், அதிகாரிகள் வண்டிக்குள் நுழைந்து சோதிக்கலாம் என்பது மசோதாவின் சாரம். அதை எதிர்க்கவே சங்கம் பிறந்தது. தாமஸ் ஹார்ன் என்ற பாதிரியார் பல ஆண்டுகள் அதன் முன்னணியில் நின்றார். சோதனையை மறுக்கத் தோன்றிய அமைப்பு என்று இதைத் தள்ளிவிட்டால் நியாயமாகாது. நாடோடிகள் என்று இழிவாகப் பார்க்கப்பட்ட குடும்பங்கள் தங்கள் வீட்டு வாசலையும் மானத்தையும் காத்துக்கொள்ளக் கூடினார்கள். பாதிரியார் அவர்களோடு நின்றது அந்த மானத்துக்காகத்தான். ஆனால் வீட்டைச் சோதிப்பதை எதிர்க்கும் உரிமை, பிறர் பிள்ளைகள் ஏறும் இயந்திரத்தைச் சோதிப்பதை எதிர்க்கும் உரிமையாக நீள முடியாது. முன்னது தன்னைக் காப்பது. பின்னதில் ஆபத்து வேறொருவருடையது. சங்கங்களின் வாதங்களில் இந்த இரண்டும் கலந்துவிடும் இடத்தைக் கவனித்துப் பிரிக்கவேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் அந்தக் கலப்பு தெளிவாகத் தெரிகிறது. 1978-இல் ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பு ராட்டினங்களுக்காக எஃப்24 என்ற குழுவை ஏற்படுத்தியது. வடிவமைப்பு, பராமரிப்பு, இயக்கம் ஆகியவற்றுக்கான தரங்களை எழுதுவது அதன் பணி. இயந்திரம் செய்வோரின் வாக்குகள், பயன்படுத்துவோரும் பொதுநலம் சார்ந்தோரும் சேர்ந்து பெறும் வாக்குகளைவிட மிகக்கூடாது என்று அந்த அமைப்பில் விதி இருக்கிறது. ஆடம் ஸ்மித்தின் ஐயத்தை மதித்து, துர்க்கைமின் நம்பிக்கையைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. தொழிலின் அறிவை உள்ளே அழைத்துக்கொண்டு, அதன் தன்னலத்துக்கு மட்டும் வரம்பு கட்டுகிறது. ஆனால் 1981-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிலையான பூங்காக்களின் ராட்டினங்களைக் கூட்டாட்சி நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரத்திலிருந்து விலக்கியது. ஊர் ஊராகச் செல்லும் ராட்டினங்கள் மட்டும் அதன்கீழ் நீடித்தன. நாடாளுமன்ற உறுப்பினர் எட்வர்ட் மார்க்கி அந்த விலக்கை நீக்க மீண்டும் மீண்டும் மசோதா கொண்டுவந்தார். மாநிலச் சட்டங்களும் தொழில் தரங்களும் போதும் என்று ஐஏஏபிஏ எதிர்த்தது.

போதுமா என்பதற்குக் கான்சஸ் மாநிலம் ஒரு கொடிய பதில் வைத்திருந்தது. கான்சஸ் நகரின் நீர்ப்பூங்கா ஒன்றில் 51 மீட்டர் உயரத்தில், உலகிலேயே உயரமானது என்ற பெருமையோடு 2014-இல் ஒரு நீர்ச்சறுக்கு திறக்கப்பட்டது. 2016 ஆகஸ்ட் 7 அன்று பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அதில் உயிரிழந்தான். பூங்காக்கள் தாங்களே ஆய்வாளரை அமர்த்திக்கொள்ள அப்போதைய மாநிலச் சட்டம் இடம் கொடுத்தது. ஏஎஸ்டிஎம் தரங்கள் அங்கே கட்டாயமாக இல்லை. பின்னர் உரிமையாளர் தரப்பின் மீது தொடுக்கப்பட்ட குற்ற வழக்கை 2019-இல் நீதிபதி தள்ளுபடி செய்தபோது, சட்டப்படி கட்டாயமில்லாத தரங்களைச் சாட்சியமாகக் காட்டியதும் ஒரு காரணமாக இருந்தது. தொழிலின் மிகச் சிறந்த அறிவு எழுத்தில் இருந்தும், யாரையும் கட்டுப்படுத்தவில்லை. தானாக ஏற்றுக்கொள்ளும் நல்லொழுக்கம் நல்லவர்களைத்தான் கட்டும். கட்டவேண்டியவர்களை அது தொடுவதில்லை. 2017-இல் கான்சஸ் தன் சட்டத்தைக் கடுமையாக்கியது.

பிரிட்டனின் ஆல்டன் டவர்ஸில் 2015 ஜூன் 2 அன்று நடந்த விபத்து வேறொன்றைக் காட்டுகிறது. அங்கே சட்டம் இருந்தது, இயந்திரமும் தன் கடமையைச் செய்தது. ஸ்மைலர் என்ற ரோலர் கோஸ்டரின் பாதையில் ஆளில்லாத வண்டி ஒன்று நின்றுபோயிருந்தது. கட்டுப்பாட்டு அமைப்பு அதைக் கண்டு பின்னால் வந்த வண்டியை நிறுத்தியது. பாதை காலியாக இருப்பதாக எண்ணிய பொறியாளர்கள் அந்த நிறுத்தத்தை மீறி வண்டியை விட்டார்கள். 16 பேர் இருந்த வண்டி போய் மோதியது; இரண்டு இளம்பெண்கள் தலா ஒரு காலை இழந்தார்கள். நிறுத்தத்தை மீறும்போது பின்பற்றவேண்டிய ஒழுங்கான நடைமுறையை நிர்வாகம் வகுத்திருக்கவில்லை. நிறுவனத்துக்கு 2016-இல் 50 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

ஒரு பூங்காவில் இயந்திரம் சொன்னதை மனிதர் நம்பாமல் போன கதை, அதே வகை இயந்திரம் வைத்திருக்கும் எல்லாப் பூங்காக்களுக்கும் உடனே தெரியவேண்டிய செய்தி. விபத்தாக முடியாமல் நூலிழையில் தப்பிய நிகழ்வுகள் இன்னும் முக்கியமானவை. அவை செய்தித்தாளுக்கு வருவதில்லை. வழக்குக்கு அஞ்சும் நிறுவனம் அவற்றை அரசிடம் சொல்லத் தயங்கும், போட்டியாளரிடம் சொல்லவே சொல்லாது. அவற்றைச் சொல்லக்கூடிய ஒரே சபை சங்கமே. ஆபத்தைப் பற்றிய அறிவு எவருடைய வணிக ரகசியமாகவும் இருக்கக்கூடாது என்ற கடமையை நிறைவேற்றச் சங்கத்தைப் போலப் பொருத்தமான அமைப்பு வேறில்லை. சங்கத்தின் அறநிலையை அளக்க உண்மையான அளவுகோலும் இதுதான்: தன் உறுப்பினரின் தவறைப் பற்றித் தனக்குத் தெரிந்த உண்மையை அது எவ்வளவு விரைவாக, யாரிடமெல்லாம் சொல்கிறது?

இங்கே எண்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் நிலையான பூங்காக்களில் ஒருவர் கடுமையாகக் காயமடையும் வாய்ப்பு 1.55 கோடி சவாரிகளில் ஒன்று என்று ஐஏஏபிஏ சொல்லிவருகிறது. சவாரி பெரும்பாலும் பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த எண் பூங்காக்கள் தாங்களே தரும் தகவலிலிருந்து பிறப்பது. எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும், அது சமாதானமாகுமா என்பது வேறு கேள்வி. சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிப் பேசுவது. பூங்கா தன் சொல்லைக் கொடுப்பது இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம். தெரிந்தே விட்ட குறையால் அவர் விழுந்தால், மற்றவர்கள் பத்திரமாக இறங்கியது அவருக்கு ஈடாகாது.

இந்தியாவில் கேள்வி மேலும் கூர்மையாகிறது. இந்திய தர நிர்ணய அமைவனம் ராட்டினங்களுக்காக ஐஎஸ் 15475 என்ற தரத் தொகுதியை வெளியிட்டிருக்கிறது. ராட்டினங்களுக்கென்றே தனியாக ஒரு மத்தியச் சட்டம் இல்லை; உரிமம் கொடுப்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. 2019 ஜூலையில் அகமதாபாதின் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல்போல் ஆடும் ராட்டினத்தின் தண்டு ஓட்டத்திலேயே முறிந்து உயிர்கள் போயின. 2024 மே மாதம் ராஜ்கோட்டில் விளையாட்டு அரங்கம் ஒன்று எரிந்து, குழந்தைகள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த அரங்கம் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமலே நடந்துவந்தது. இத்தகைய இடங்களைப் பற்றிச் சங்கம் தன் உறுப்பினர் பட்டியலைக் காட்டி விலகிக்கொள்வது எளிது. ஆனால் ஏறுகிற குழந்தைக்கு உறுப்பினர் பட்டியல் தெரியாது. கேளிக்கைத் தொழில் என்ற ஒரே பெயரின் மீதுதான் பெற்றோர் நம்பிக்கை வைக்கிறார்கள். அந்தப் பொதுப் பெயரால் பயனடையும் சங்கத்துக்கு, பட்டியலுக்கு வெளியே இருப்போரைப் பற்றியும் கடமை வந்துவிடுகிறது.

வெளியே இருப்போர் பெரும்பாலும் ஏழைகள். மதுரை சித்திரைப் பொருட்காட்சி, சென்னைத் தீவுத்திடல், நூற்றுக்கணக்கான கோயில் திருவிழாக்கள் என்று ராட்டினங்கள் லாரியில் வந்து இறங்குகின்றன. சில நாட்களில் பூட்டப்படுகின்றன, விழா முடிந்ததும் கழற்றப்படுகின்றன. போல்ட்டை முடுக்குபவரே சில இடங்களில் சீட்டும் கொடுக்கிறார், மோட்டாரையும் இயக்குகிறார். ஆர்லாண்டோவிலோ மும்பையிலோ நடக்கும் பயிற்சி அவரைச் சென்று சேர்வதில்லை. இவர்களை மட்டும் அதட்டும் விதிகள் வந்தால், அவை பெரிய பூங்காக்களின் போட்டியாளர்களைத் துரத்தும் கருவியாக மாறும். ஆடம் ஸ்மித் அஞ்சியதும் அதைத்தான்.

இந்த ஆபத்தைத் தவிர்க்கும் வழியைப் பிரிட்டன் காட்டுகிறது. அங்கே ஊர்சுற்றும் ராட்டினக்காரர்கள் முதலில் சங்கம் கண்டார்கள், நிலையான பூங்காக்கள் பிறகு. 1990-களில் இரு தரப்புச் சங்கங்களும் அரசின் பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து அடிப்ஸ் என்ற ஆய்வுத் திட்டத்தை உருவாக்கின. பெரிய பூங்காவின் ரோலர் கோஸ்டருக்கும் தெருத் திருவிழாவின் குடை ராட்டினத்துக்கும் அதில் ஒரே முறை: பதிவு பெற்ற ஆய்வு அமைப்பு ஆண்டுதோறும் சோதித்து இயக்கத் தகுதிச் சான்று தரவேண்டும். திட்டத்தை வகுத்தது தொழில், அதன் பின்னால் நிற்பது 1974-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம். இந்தியாவில் அத்தகைய பொதுத் திட்டத்துக்கு வேண்டிய தரம் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. அதை உறுப்பினர் அல்லாதவரின் கைக்கும் எட்டும் மொழியிலும் செலவிலும் கொண்டுசெல்வதும், சட்டமாக்கும்படி அரசிடம் தானே கேட்பதும் சங்கம் இன்னும் எடுத்துக்கொள்ளவேண்டிய வேலைகள்.