நிறமாலையும் அளவையும்

பூனாகலை உள்ளிட்ட ஊவா மலைத் தோட்டங்களின் ஓடைக்கரை ஈரத்தில் வளர்ந்து சம்பலாக உண்ணப்படும் வல்லாரையின் சாற்றில், 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, உறிஞ்சப்படும் அலைகளை நிறமாலையாகப் பதிவுசெய்து பெறும் அறிவு எத்தகையது என்பது தத்துவ வினாவாகும். சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, ஏற்கிறது. புலனால் நேரே அறிவது காட்சி, புகையைக் கண்டு நெருப்பை உணர்வது கருதல், நம்பத்தக்க சொல்லால் அறிவது உரை. சென்டிமீட்டருக்கு 3400 அலைகள் என்ற அளவை ஒட்டித் தோன்றும் அகன்ற பட்டை ஆக்சிசன்–ஐதரசன் பிணைப்பின் அதிர்வைக் குறிப்பதால், நிறமாலை தருவது கருதலே. ஆனால் அப்பட்டை நீரிலும் சர்க்கரையிலும் தோன்றுவதால், வல்லாரையின் சிறப்புச் சேர்மமான ஆசியாட்டிகோசைடு உள்ளதென நிறுவ அது ஒன்றே போதாது; ஏதுவுக்கும் முடிவுக்கும் இடையே பிறழாத் தொடர்பு வேண்டும் என்று பழைய அளவையியலார் வற்புறுத்தியது இங்கு முழுமையாகப் பொருந்துகிறது. அத்தொடர்பைப் பெறவே ஆய்வாளர் சாற்றைக் கூறுகளாகப் பிரித்து, தூய மாதிரியின் நிறமாலையோடு ஒப்பிடுகின்றனர்.