டியூட்டி முடிந்தாலும் சேவகன் சேவகனே



தியானப் பகுதி: 2 தீமோத்தேயு 2:3,4

"பாஸ்டர், இது பாவமா?" என்று வாலிபப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். பாவம் இல்லையென்றால் செய்யலாந்தானே என்பதுதான் அதற்குள் இருக்கிற அர்த்தம். ஆனால் போர்ச்சேவகனுக்கு அந்த ஒரு கேள்வி போதாது. வயிற்றுப்பாட்டு வேலைகள் பாவமல்ல. ஆனாலும் படையில் பேர் கொடுத்தவன் அதில் மாட்டிக்கொள்ள மாட்டான் என்று பவுல் தீமோத்தேயுவுக்குச் சொல்லுகிறார்.

நம்ம தேசத்திலேயே நடந்ததைப் பாருங்கள். 2020 ஜூலையில் இந்திய ராணுவம் தன் வீரர்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்பட 89 செயலிகளை ஜூலை 15-க்குள் போனிலிருந்து எடுத்துவிட வேண்டும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் ஃபேஸ்புக் பார்க்கலாம், சட்டம் தடுக்காது. லீவில் வந்த ராணுவ வீரன் அதே பெஞ்சில் உட்கார்ந்தால் அவனுக்கு மட்டும் கூடாது என்றது அந்த உத்தரவு!

ஏன்? எதிரி அந்த வாசல் வழியாய் வருகிறான். 2019 டிசம்பரில், சமூக வலைத்தளத்தின் மூலம் பாகிஸ்தானுக்கு ரகசியம் கொடுத்ததாகக் கடற்படையினர் 7 பேர் கைது செய்யப்பட்டார்கள்.

ஜம்மு காஷ்மீரில் பணியில் இருந்த ஒரு லெப்டினன்ட் கர்னல் இந்த உத்தரவை எதிர்த்து டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனார். வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களோடு பேச ஃபேஸ்புக் வேண்டும் என்றார். நியாயமான ஆசைதான். ஆனாலும் 2020 ஆகஸ்ட் 5-ல் மனு தள்ளுபடியானது. படைவீரர்கள் கடமையைச் சரியாய்ச் செய்யவும், ஒழுங்கு காக்கப்படவும் அவர்களுடைய அடிப்படை உரிமைகளைக்கூட பாராளுமன்றம் சட்டத்தால் சுருக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவு சொல்லுகிறது.

வேதத்தில் உரியாவைப் பாருங்கள் (2 சாமு. 11). யுத்தகளத்திலிருந்து வந்தவனை, வீட்டுக்குப் போ என்று ராஜாவே சொல்லுகிறார். சொந்த வீடு, சொந்த மனைவி. யார் குற்றம் சொல்ல முடியும்? ஆனால் பெட்டியும் சேனையும் கூடாரத்தில் இருக்க, அவன் அரமனை வாசலிலே படுத்துக்கொண்டான். ஓய்வு நேரத்திலும் அவன் இருதயம் பாளயத்தில் இருந்தது. அல்லேலூயா!

ஆனால் தேவபிள்ளைகளே, இன்னொரு பக்கமும் உண்டு. சவுலும் ஒரு தளபதிதான் (1 சாமு. 14). சாயங்காலம் வரை யாரும் சாப்பிடக்கூடாது என்று ஆணையிட்டார். தன் சத்துருக்களைத் தான் பழிவாங்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். காட்டிலே தேன் வழிகிறது, ஜனங்களோ விடாய்த்துப்போனார்கள். முடிவு என்ன? பொழுது சாய்ந்ததும் பசி தாங்காமல் மாம்சத்தை இரத்தத்தோடே சாப்பிட்டார்கள். பாவமில்லாத தேனைத் தடுத்தார், ஜனங்கள் மெய்யான பாவத்தில் விழுந்தார்கள்!

1950-ஆம் வருஷத்து இராணுவச் சட்டத்தின் 41-வது பிரிவும் சட்டப்படியான கட்டளையை மீறுவதைத்தான் குற்றம் என்கிறது. மேலதிகாரி வாயில் வந்ததையெல்லாம் அல்ல. குறையிருந்தால் முறையிடவும் அதே சட்டத்தில் வழி உண்டு.

இது ஊழியக்காரராகிய எங்களுக்கு எச்சரிப்பு. சபைக்கு நாங்கள் தளபதிகள் அல்ல. தளபதி ஒருவரே, அவர் இயேசு. வேதம் விலக்காததை எங்கள் கௌரவத்துக்காக விலக்கினால், அது சவுலின் ஆணை. அதேபோல, ஆவியானவர் உனக்கு, "மகனே, இதை விட்டுவிடு" என்று உணர்த்தியதை அடுத்த வீட்டு விசுவாசியின் தலையில் சட்டமாய் வைக்காதே. ஆனால் உனக்குச் சொன்னதைத் தள்ளிப்போடாதே! டிவியோ, செல்போனோ, ஒரு சிநேகமோ, தன்னிலே அது குற்றமில்லாமல் இருக்கலாம். எதிரி அந்த வழியாய் உள்ளே வருகிறானா? அதைக் கேள்.

இன்று ராத்திரி ஜெபத்தில், "ஆண்டவரே, இது பாவமா?" என்பதோடு நிறுத்தாமல், "இது உமக்குப் பிரியமா?" என்றும் கேளுங்கள். சொல்லுவார். கீழ்ப்படியுங்கள். ஜெயம் நிச்சயம். ஆமென்.