வாப்பாவின் வில்லுக்கத்தி

ஹட்டனில் வாப்பா பலசரக்குக் கடை வைத்திருந்த காலமெல்லாம் அவரது இடுப்புவார்ப் பையில் ஒரு வில்லுக்கத்தி இருக்கும். சம்பள நாளில் தோட்டத்தார் வாங்கும் மாமூட்டையின் நூலை அறுப்பதும், எங்கள் பென்சிலைச் சீவுவதும் அதுதான். தீட்டித் தீட்டி அலகு விரல் நீளம்கூட இல்லை. அவர் மௌத்தான பின் பங்கு பிரித்தபோது யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை; மூத்தவன் என்று உம்மா என்னிடம் தந்தார்.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின் நாடெங்கும் முஸ்லிம் வீடுகள் சோதனையிடப்பட்டன. மே தொடக்கத்தில் வாள்களையும் கத்திகளையும் ஒப்படைக்கச் சொன்ன பொலிஸார், அன்றாடப் பாவனைக் கத்திகளுக்கு விலக்களித்திருந்தனர். வீட்டாருக்கு அதைப் பத்திரிகையில் வாசித்துக் காட்டியவனே நான்தான். இருந்தும் ஓரிரவு அதை ஓயாவில் எறிந்தேன்.

பயந்தவன் செய்ததற்குப் பொறுப்பு யாருடையது? நிர்ப்பந்திக்கப்பட்டவன்மேல் குற்றமில்லை என்கிறது மார்க்கம். என்னை யாரும் நிர்ப்பந்திக்கவில்லையே. அந்நாட்களின் பயம் பொய்யல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சோதனைக்கு வந்தவர்கள் அந்தக் கத்தியைக் கண்டதேயில்லை. அதை முதன்முதலில் ஆயுதமாகப் பார்த்த கண் என்னுடையது.

உம்மா கேட்டபோது, தொலைந்துவிட்டது என்றேன்.

“தொலஞ்சா என்ன மகன், எடுத்தவங்க பாவிப்பாங்கதானே” என்றார்.